தேன்நிலவா? பதியிகந்த செலவா?

தை பிறந்தால் குமாரலிங்கபுரத்தில் பந்தற்கால் ஊன்றப்படும். மார்கழியில் மணவினை நிகழ்த்தாத வழக்கம் இன்றும் மாறாத நிலம் அது. அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்து கிடக்கும் அவ்வானம் பார்த்த கரிசற்காட்டில், விளைந்தது வீடு வந்து கையில் நாலு காசு புழங்குவதும் அப்பொழுதுதான். மணம் முடிந்து, மறுவீடு கண்டு, உற்றார் வீட்டு விருந்துகளும் ஓய்ந்த ஒரு விடியற்காலையில், அவ்வூர்ப் புதுமணத்தார் இருவர் பையும் கையுமாகக் கோடைக்கானலுக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் போர்வைக்குள் முடங்கியிருக்கும் முதியவர், "எங்கே புறப்பாடு?" என்பார். மணமகன் நாணத்தோடு, "அனிமூன், தாத்தா" என்பான். அருகில் நிற்கும் படித்த இளைஞன் ஒருவன் முதியவர்க்கு விளங்கட்டும் என்று, "தேன்நிலவு" என மொழிபெயர்ப்பான்.

முதியவர்க்கு முன்னதும் விளங்காது, பின்னதும் விளங்காது. அவர்க்குத் தேன் தெரியும், நிலவு தெரியும். அவ்விரண்டும் ஒன்றுசேர்ந்து பேருந்தேறிப் போவது எப்படி என்பதுதான் தெரியாது! அறியாமை முதியவருடையதா? அன்று. தமிழில் இல்லாத ஒன்றைத் தமிழ்போலச் சொன்னவனுடையது.

புதுமணத்தார் இருவர் நாலு நாள் ஊர் சுற்றி வருவதற்கும் மொழிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பர். இந்தச் சின்னஞ்சிறு இன்பத்திலுமா தூய தமிழ் என்று நகையாடுவர். இன்பத்தின் பெயரைக்கூட அயலானிடம் இரந்து பெறும் இனம், துன்பம் வந்தால் மட்டும் தன் மொழியில் அழுமா? எண்ணிப் பாருங்கள்.

சொல்லில் உள்ள சூழ்ச்சி

ஆங்கிலத்தில் அச்சொல் பதினாறாம் நூற்றாண்டு முதலே வழங்கி வருகின்றது. மணமான முதல் திங்கள் தேன்போல் இனிக்கும் என்பது அதன் மேற்பொருள். நிறைந்த மதி மறுநாளே தேயத் தொடங்குவது போல அவ்வன்பும் தேய்ந்துவிடும் என்னும் எள்ளல் அதன் உட்பொருள். ஆங்கிலேயர்தம் அகரமுதலிகளே இதனை மறைக்கவில்லை. தேயப்போகும் அன்புக்குத் தேயப்போகும் மதியை அவர்கள் உவமை சொன்னார்கள். அஃது அவர்தம் பட்டறிவு; அதில் தமிழர் தலையிட வேண்டுவதில்லை. ஆனால், அவ்வெள்ளலையும் சேர்த்தன்றோ தமிழன் தன் வீட்டு மணவறைக்குள் இழுத்து வந்தான்!

அதையும் ஒழுங்காகச் செய்தானா? ஆங்கிலத்தில் மதி என்றது ஒரு மாதக் காலத்தையும் குறித்தது. தமிழில் வானத்து மதிக்கும் முப்பது நாட் காலத்துக்கும் பொதுவாகத் 'திங்கள்' என்னும் அழகிய சொல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கின்றது. மொழிபெயர்த்தவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை. நிலவு என்பதோ மதியின் ஒளி. ஆகவே, பொருளும் போயிற்று, உவமையும் போயிற்று, அயலான் எள்ளிய எள்ளலும்கூடத் தெரியாமற் போயிற்று. எஞ்சியது வெறும் ஓசை. 1961-ஆம் ஆண்டு சிறீதர் இயக்கத்தில் 'தேன் நிலவு' என்னும் பெயரிலேயே திரைப்படம் ஒன்றும் வந்தது. காசுமீரத்து ஏரியும் பனியும் அதிற் காட்டப்பட்டன. திரையிற் கண்டதை வாழ்விற் காணத் துடிக்கும் தமிழன், அச்சொல்லைத் தன் பாட்டன் சொத்தென்றே எண்ணத் தொடங்கிவிட்டான்.

தொல்காப்பியர் வகுத்த செலவு

குளிர்காலத்து மலையில் இணையர் கூடி மகிழ்தல் மேனாட்டார் கற்றுத் தந்த நாகரிகம் என்று எவரேனும் சொன்னால், அவர் தம் வீட்டுப் பரணில் கிடக்கும் தொல்காப்பியத்தைத் தூசி தட்டிப் பார்க்கட்டும். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அந்நிலத்துக்குரிய ஒழுக்கம் புணர்தல். அதற்குரிய பெரும்பொழுது கூதிர். பனி எதிர்வரும் பருவமாகிய முன்பனியும் அதற்கு உரியது. சிறுபொழுது நள்ளிரவாகிய யாமம். மார்கழியும் தையும் முன்பனி. தைத் திங்களில் மணந்து, அதே முன்பனியில் மலையேறும் குமாரலிங்கபுரத்து இணையர், தம்மை அறியாமலேயே தொல்காப்பியர் கிழித்த கோட்டின் மேல்தான் நடக்கின்றனர். நடப்பது தமிழ் வழி. சொல்வது ஆங்கிலப் பெயர்!

குறிஞ்சி களவுக்கே சிறந்தது, இவரோ ஊரறிய மணந்தவர் என்று இலக்கணம் கற்றோர் தடுக்கலாம். அத்தடைக்கும் தொல்காப்பியரே விடை வைத்திருக்கின்றார். மணந்தார் வாழ்வைச் சொல்லும் கற்பியலில், ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் விளையாடி, தாம் வாழும் பதியைக் கடந்து சென்று இன்பந்துய்த்தலும் உரியதே என்று அவர் விதந்து கூறியுள்ளார். பதி என்பது ஊர். இகத்தல் என்பது கடத்தல். ஊரைக் கடந்து சென்று மணமக்கள் மகிழ்ந்திருத்தலுக்கு இதைவிட வெளிப்படையான இலக்கணம் உலகில் எம்மொழியில் உண்டு?

சொல்லும் அங்கேயே இருக்கின்றது. பதியிகந்த செலவு, எளிதாகச் சொல்ல வேண்டின், புதுமணச் செலவு. 'செலவு' என்பது செல்லுதல் என்னும் வினையிற் பிறந்த தூய தமிழ்ச்சொல். வழிப்போக்கு, புறப்பாடு என்பன அதன் பழம்பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் கண்ணீர் கண்டு நின்றுவிடுவதைச் செலவழுங்குதல் என்றனர் முன்னோர். இன்றோ செலவு என்றால் காசு கரைவது மட்டுமே. சொல்லில் நேர்ந்த இந்தச் சுருக்கமே வாழ்விலும் நேர்ந்திருக்கின்றது. போவதும் காண்பதும் கற்பதும் மறைந்து, காசு கரைவது மட்டும் எஞ்சியதனால்தான் இன்றைய புதுமணச் செலவும் வெறுஞ்செலவாய் முடிகின்றது.

அறியாத நகரில் அறியாத தமிழர்

அவ்விருவரையும் தொடர்ந்து செல்லுங்கள். மதுரை கடந்து, வத்தலக்குண்டு கடந்து, பேருந்து மலைவளைவுகளில் ஏறுகின்றது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல். தைத்திங்கள் இரவில் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும் குளிர். வெயிலன்றி வேறறியாத கரிசற்காட்டுப் பெண், முதன்முதலாகத் தன் மூச்சே புகையாய் வெளிவருவதைக் கண்டு வியந்து சிரிக்கின்றாள். அச்சிரிப்பு வாழ்க!

ஆனால் அவளுக்கு அந்நகர் என்ன சொல்லித் தருகின்றது? நடைவழிக்குக் 'கோக்கர்சு வாக்' என்று பெயர். பூங்காவுக்குப் 'பிரையண்ட்டு பார்க்' என்று பெயர். வானை முட்டும் பாறைகளுக்குப் 'பில்லர் ராக்சு' என்று பெயர். தூண்பாறை என்று சொல்லத் தமிழன் நாவுக்கு என்ன நோய்? பாறைப் பிளவுகளுக்கு ஆங்கிலேயன் 'டெவில்சு கிச்சன்', பேயின் அடுக்களை என்று பெயரிட்டான். 1991-இல் 'குணா' என்னும் திரைப்படம் அங்கே எடுக்கப்பட்டதும் அது குணா குகை ஆயிற்று. 2024-இல் மலையாளப் படம் ஒன்று அவ்விடத்தையே கதைக்களமாக்கிய பிறகு மக்கள் கூட்டம் முண்டியடித்தது. ஆங்கிலேயன் இட்ட பெயர், திரைப்படம் இட்ட பெயர் என இரண்டு உண்டு. அம்மலையிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடித் தமிழன் அதனை என்ன சொல்லி அழைத்தான் என்று உசாவியவர் எத்தனை பேர்?

எல்லாவற்றினும் பெரிய இழிவு ஒன்று உண்டு. 'பேர் சோலா' என்று ஓர் அருவி. இந்தச் 'சோலா' என்பது என்ன? தமிழனின் 'சோலை'தான்! மலைமடிப்புகளில் அடர்ந்து நிற்கும் மரக்கூட்டத்தைத் தமிழன் சோலை என்றான். ஆங்கிலேயன் அதனைக் கடன்கொண்டு, தன் நாவுக்கேற்பச் 'சோலா' என்றான்; தன் நூல்களிலும் எழுதிக்கொண்டான். இன்று தமிழன் அதே சொல்லை ஆங்கிலம் என்று மயங்கிச் 'சோலாக் காடு' என்று திருப்பி வாங்குகின்றான். தன் வீட்டுக் குத்துவிளக்கைக் களவு கொடுத்தவன், அதையே சந்தையில் விலை கொடுத்து வாங்கி வந்து, "மேனாட்டு விளக்கு" என்று மகிழ்ந்தால் எப்படியோ அப்படி!

அந்நகரை ஆங்கிலேயர் உருவாக்கவில்லையா என்று கேட்பர். உண்மையை மறைக்க வேண்டுவதில்லை. 1821-இல் வார்டு என்னும் ஆங்கிலேய அளவையர் அம்மலையை அளக்க வந்தார். 1845-இல் அமெரிக்கக் கிறித்தவத் தொண்டர்கள் அங்கே வீடு கட்டிக் குடியேறினர். 1863-இல் இலெவிஞ்சு என்னும் மதுரைக் கலெக்டர் ஏரியை அமைத்தார். ஏரி அமைத்தவனுக்கு நன்றி சொல்வது தமிழர் பண்பு. கண்மாய் நீரை உண்டு வளர்ந்த குமாரலிங்கபுரத்தானுக்கு அந்நன்றியை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால், ஏரி வந்த நாளில்தான் மலையும் பிறந்தது என்று நம்புவதற்குப் பெயர் நன்றியன்று, அடிமைத்தனம்.

கோடைமலை என்பது கழகக் காலத்துப் பெயர். அம்மலைத் தலைவனாகிய கடிய நெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. தாண்டிக்குடியில் முன்னோர் எடுத்த கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் கொண்டிருக்கின்றார். பன்னீராண்டுக்கொருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி, 2018-இலும் அங்கே பூத்தது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-இல் எழுப்பியவர் யார்? மேல்நாட்டிற் பிறந்து, ஈழத் தமிழராகிய பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இலீலாவதி எனப் பெயர் பூண்ட அம்மையார். அயல்நாட்டிற் பிறந்த பெண் ஒருத்தி அம்மலையைக் குறிஞ்சி என்று கண்டுகொண்டாள். அண்டையிற் பிறந்த தமிழன், படப்பொறிக்கு ஏற்ற இடம் என்று மட்டும் கண்டுகொண்டான்! வெட்கம் யாருக்கு?

போர்வையின் பாடம்

குளிர் தாங்காமல் அவ்விருவரும் கடைத்தெருவில் ஒரு கம்பளிப் போர்வை வாங்குகின்றனர். அந்தப் போர்வைக்கும் அந்த மலைக்கும் ஈராயிரம் ஆண்டுத் தொடர்பு உண்டு என்பதை அவர்க்கு எடுத்துச் சொல்ல அங்கே ஒரு பலகை இல்லை; ஒரு வழிகாட்டி இல்லை; ஒரு துண்டுத்தாள் இல்லை. பழனிமலைத் தொடரின் மேல்தான் கோடைக்கானல் இருக்கின்றது. அத்தொடர் பேகன் ஆண்ட நாடு. ஆடிய மயில் குளிரால் நடுங்கிற்று என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்த வள்ளல் அவன். மயில் உடுத்துமா, போர்த்துமா என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. அதுவே அவன் கொடையின் பெருமை.

கதை அதோடு முடியவில்லை. மயிலுக்கு இரங்கிய அப்பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியின் ஊரில் வாழ்ந்தான். அப்பொழுது கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவன்முன் சென்று நின்றனர். புலவர்கள் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. பரிசில் வேண்டா, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைத் தீர்த்து வா என்று கேட்டார் பரணர். ஓர் அரசனின் குடும்ப வாழ்வு குலைந்ததற்காக நாட்டின் தலைசிறந்த புலவர்கள் திரண்டு இரந்து நின்ற காட்சியை வேறெந்த நாட்டு வரலாறு காட்டும்?

புதுமணத்தார்க்கு இதைவிடச் சிறந்த பாடம் உண்டா? ஊரார்க்கெல்லாம் போர்வை ஈயும் ஒருவன், தன் வீட்டில் ஒருத்தியைக் குளிரில் விட்டுவிடலாகாது. இந்தப் பாடத்தை அந்த மலைதான் சொல்ல முடியும். தமிழில்தான் சொல்ல முடியும். அது சொல்லப்படாததனால், அவ்விருவரும் நூறு படங்களோடு திரும்பி வருகின்றனர். ஒரு செய்தியோடு திரும்பி வரவில்லை. மொழி போனால் என்ன போகும் என்று கேட்பவர்க்கு விடை இதுதான். மலை போகாது, ஏரி போகாது, மலைக்கும் மணமக்களுக்கும் இடையிலிருந்த உறவுதான் போகும்.

பெண்ணுக்கு ஊர் காட்டுங்கள்

செலவே வேண்டா, பெண் வீட்டோடு கிடக்கட்டும் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் இக்கட்டுரையைத் தமக்குத் துணையாக்கிக்கொள்ள வேண்டா. நெடுந்தொலைவு நடந்து குடம் சுமந்த பெண், மேகம் தன் தோளைத் தொட்டுச் செல்வதை ஒருநாளேனும் காணத் தகுதியற்றவளா? சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்றே ஒரு காதை உண்டு. மதுரையின் தெருக்களையும் கடைகளையும் சுற்றிச் சுற்றிக் கண்டவன் கோவலன்; தனியனாகக் கண்டான். கண்ணகிக்கு அந்நகரைக் காட்டியவர் எவருமிலர். அவள் மதுரைத் தெருவைக் கண்டது கையிற் சிலம்போடும் கண்ணில் நீரோடும்தான். தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு இனியும் அந்த நிலை வேண்டா. இணைந்து செல்க, இணைந்து காண்க. தமிழாற் காண்க என்பதே வேண்டுகோள்.

இந்த வேண்டுகோளை மறுக்கும் உரிமை வேறெவர்க்கு இருந்தாலும், அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கு இல்லை. கரணியம் உண்டு. பெரியார் முன்னின்று நடத்திய முதல் தன்மதிப்புத் திருமணம் 1928-இல் நிகழ்ந்த இடம் எது? அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம்! கேட்பவர்க்கும் விளங்காமல், சொல்பவர்க்கும் பொருள் தெரியாமல் ஓதப்பட்டு வந்த வடமொழி மந்திரத்தை மணவறையினின்று வெளியேற்றிய மண் அந்த மண். அத்தகைய மணங்கள் சட்டப்படி செல்லும் என்று அண்ணா அரசு 1967-இல் சட்டத் திருத்தம் நிறைவேற்றும் வரை, நாற்பதாண்டுக் காலம் சட்டத்தின் துணையின்றியே மானத்தோடு வாழ்ந்து காட்டியவர் எத்தனையோ இணையர். மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பாவாணர் 'தமிழர் திருமணம்' என்று நூலெழுதிச் செய்த தொண்டும் அதே நோக்கின. விளங்காத மொழியில் மணம் வேண்டா என்று துணிந்தவர்களின் பேரப்பிள்ளைகள், விளங்காத சொல்லில் மணச்செலவு போவதா? முன்வாயிலில் வடமொழியை வெளியேற்றிவிட்டுப் பின்வாயிலில் ஆங்கிலத்துக்கு ஆலம் சுற்றுவதா?

செய்ய வேண்டுவன

குறை கூறுவதோடு நின்றால் பயனில்லை. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே இயற்றப்பட்டது. கடைகள், நிறுவனங்களின் பெயர்ப்பலகையில் தமிழே முதலிடம் பெற வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி என்பன ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்னும் அளவில் அமைய வேண்டும் என்று விதியும் உண்டு. மலைநகர்களில் அவ்விதி மூடுபனியில் மறைந்து கிடக்கின்றது. தமிழக அரசே 1971-இல் சுற்றுலாவுக்கென ஒரு கழகம் அமைத்தது. அதன் தங்குமனைகளுக்கு என்ன பெயர்? 'ஓட்டல் தமிழ்நாடு'! நாட்டின் பெயரைச் சொல்வதற்கு முன் ஆங்கிலத்துக்கு ஒரு வணக்கம் போட்டாக வேண்டுமா? 'தமிழ்நாடு விடுதி' என்று எழுதினால் எந்த விருந்தினன் வழிதவறிப் போவான்? அரசு தன் வீட்டுப் பலகையை முதலில் திருத்தட்டும். பிறகு வணிகர்க்கு அறிவுரை கூறட்டும்.

அரசு செய்யும் வரை தமிழர் காத்திருக்க வேண்டுவதில்லை. கோடையில் விடுதி நடத்துவோர், அறைதோறும் அம்மலையின் தமிழ் வரலாற்றை ஒரு தாளில் அச்சிட்டு வைக்கலாம். வழிகாட்டிகள் தூண்பாறையைத் தூண்பாறை என்றும், சோலையைச் சோலை என்றும் சொல்லலாம். மணமக்களுக்குப் பொன்னும் பணமும் மொய் எழுதும் உற்றார், ஒரு புறநானூற்றையும் கையில் கொடுத்தனுப்பலாம். ஆசிரியர்கள் அகத்திணையைத் தேர்வுக்குரிய பட்டியலாகக் கற்பிப்பதை விட்டு, மாணவர் நாளை வாழப்போகும் வாழ்வாகக் கற்பிக்கலாம். இவற்றிற்கெல்லாம் காசு வேண்டா. மானம் ஒன்றே போதும்.

புதுமண இணையரே! அடுத்த தைத்திங்களில் குமாரலிங்கபுரத்துத் திண்ணை முதியவர், "எங்கே புறப்பாடு?" என்று கேட்பார். "புதுமணச் செலவு போகிறோம், தாத்தா, பேகன் மலைக்கு" என்று சொல்லுங்கள். அவர் முகம் மலரும். "அப்படியா? குளிருமே! போர்வை எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்பார். நூல் கற்றறியாத அம்முதியவர் வாயிலிருந்து, பேகனுடைய அருள் அப்படியே வெளிவருவதைக் கேட்பீர்கள். தேயும் நிலவு அயலானுக்கு இருக்கட்டும். தேயாத தமிழ் உங்களுக்கு இருக்கின்றது. அதனோடு செல்லுங்கள்; அதனோடு மீளுங்கள்!